கொண்டலும் கீழ்க்காற்றும்: யோனா நூலைக் கரைத் தமிழில் சொன்ன ஒரு முயற்சி – நிகழ்வு ஆய்வு

பின்னணி

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே உள்ள ஒரு மீனவ ஊரில் நடந்தது இது. ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். ஊரில் பாதிக்கு மேல் கத்தோலிக்கர். சில குடும்பங்கள் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவை. அடுத்த தெருவில் முஸ்லிம்கள். படகு ஏறும்போது இந்தக் கணக்கெல்லாம் கிடையாது, மூன்று தரப்பும் ஒரே படகில் போவார்கள்.

வயதானவர்கள் பலருக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் பொடி எழுத்தைப் பார்க்கக் கண் ஒத்துழைப்பதில்லை. ஞாயிறு வாசகத்தில் ஒருமுறை யோனா நூலைக் கேட்டவர்கள், இதை முழுசாக ஒலிப்பதிவு செய்து கொடுத்தால் போனில் போட்டுக் கேட்போம் என்றார்கள். அங்கே தொடங்கியது வேலை. யோனா நூல் சிறியது, 4 அதிகாரம், 48 வசனம். விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் உள்ளது. நினிவே நகரத்தை எச்சரிக்கக் கடவுள் அனுப்பிய யோனா கப்பலேறி ஓடுகிறார், புயலில் கடலில் எறியப்படுகிறார், பெரிய மீன் விழுங்குகிறது. பிறகு நினிவே போய்ச் சொல்கிறார், நகரம் திருந்தித் தப்புகிறது, யோனாவுக்குக் கோபம் வருகிறது. கடலும் காற்றும் மீனும் வருகிற கதை. மேலோட்டமாகப் பார்த்தால் இதைவிட எளிதான நூல் இந்தக் கரைக்குக் கிடைக்காது என்றுதான் தோன்றும்.

குழுவில் குருமடத்தில் எபிரேயம் கற்பித்து ஓய்வுபெற்ற ஒரு குருவானவர் இருந்தார். ஊரில் எல்லாரும் அவரைச் சாமி என்றே கூப்பிடுவார்கள். ஒரு தமிழ் ஆசிரியை, உபதேசியார், விசைப்படகு ஓட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவர், நாட்டுப்படகுக்காரர் ஒருவர் ஆகியோர் மற்றவர்கள். பேசியதை எழுதி வைத்து, வரைவைத் திருத்தும் பொறுப்பு என்னுடையது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். ஆட்கள் கரையில் இருக்கும் அந்த நாட்களில்தான் உட்கார்ந்தோம்.

தேவாலயத்தில் வாசிக்கும் வேதத்தை மாற்றுவது எங்கள் நோக்கம் அல்ல என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டோம். 1871இல் ஹென்றி பவர் தலைமையிலான குழு முடித்த தமிழ் வேத மொழிபெயர்ப்பு திருச்சபைக் குடும்பங்களின் வாயில் மனப்பாடமாக ஊறியிருக்கிறது. கத்தோலிக்கர்களிடம் 1995இல் வந்த திருவிவிலியம் என்ற பெயர்ப்பு இருக்கிறது. இரண்டும் அப்படியே இருக்கட்டும், நாம் செய்வது காதால் கேட்க மட்டும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

எபிரேயத்தில் கண்டது

சாமி எபிரேய மூலத்தை வசனம் வசனமாக வாசித்து, சொல்லுக்குச் சொல் பொருள் சொல்வார். நாங்கள் அதைக் கரைப் பேச்சில் சொல்லிப் பார்ப்போம். முதல் அதிகாரத்திலேயே ஒரு விஷயம் தெரிந்தது. எபிரேயம் ஒரே வினைச்சொல்லைத் திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டு கதை சொல்கிறது. ஆண்டவர் கடல்மேல் காற்றை எறிகிறார். கப்பல்காரர்கள் சரக்கைக் கடலில் எறிகிறார்கள். என்னைத் தூக்கி எறியுங்கள் என்கிறார் யோனா. கடைசியில் அவரையும் எறிகிறார்கள். மூலத்தில் நான்கு இடத்திலும் ஒரே வினை. நம் பழைய பெயர்ப்பில் காற்றை ‘வரவிடுகிறார்’, சரக்கை ‘எறிகிறார்கள்’, யோனாவைப் ‘போடுகிறார்கள்’. ஒவ்வொன்றும் நல்ல தமிழ்தான். ஆனால் கண்ணால் படிக்காமல் காதால் மட்டும் கேட்பவருக்கு, எறிந்த காற்றுக்கும் எறியப்பட்ட மனிதருக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகிறது.

உபதேசியாருக்கு ஒரு தயக்கம். “ஆண்டவர் காற்ற எறிஞ்சார்னு சொன்னா மரியாதையா இருக்குமா சாமி?” என்றார். படகோட்டிப் பெரியவர்தான் பதில் சொன்னார்: “திடீர்னு வர்ற சூறாவளி எறிஞ்ச மாதிரிதான் வரும். வீசுற காத்து வேற.” நான்கு இடத்திலும் எறி என்பதையே வைத்தோம்.

ஆண்டவர் காற்றை எறியும் அதே வசனத்தில் எபிரேயம் ஒரு விசித்திரமான வேலை செய்கிறது. கப்பல் உடைந்துபோக நினைத்தது என்கிறது, நினைப்பது கப்பல். பெரும்பாலான பெயர்ப்புகள் இதைப் பார்க்கிறவர்களின் எண்ணமாக மாற்றிவிடுகின்றன. நாட்டுப்படகுக்காரர் யோசிக்கவே இல்லை. “கப்பல் உடையப் பாத்துச்சு” என்றார். விழப் பார்த்தது, சாயப் பார்த்தது என்று உயிரில்லாத பொருளுக்கும் நாம் தினமும் சொல்கிற வழக்குதானே. எபிரேயம் கேட்பதை இவ்வளவு நேராகக் கொடுக்கிற இடம் தமிழில் இருந்தும், இத்தனை நாள் யாருக்கும் கண்ணில் படவில்லையே என்று சாமி சந்தோஷப்பட்டார். எனக்கு இந்த வேலை முழுவதிலும் மிகப் பிடித்த வரி இது.

கப்பல் தலைவனைக் குறிக்கும் எபிரேயச் சொல்லில் கயிறு இருக்கிறது. கயிறு பிடிப்பவர்களின் தலைவன் என்பது அதன் பொருள். சம்மாட்டி என்று போடலாமா என்று முதலில் கேட்டோம். சம்மாட்டி படகுக்குச் சொந்தக்காரர், கரையிலேயே இருப்பார், புயலில் வந்து ஆளை எழுப்பமாட்டார் என்று படகுக்காரர்கள் இருவரும் மறுத்துவிட்டார்கள். டிரைவர் என்பது இன்ஜின் வந்தபின் வந்த பேச்சு. சரக்கு ஏற்றிய பாய்மரத் தோணியை நடத்தியவருக்குக் கீழக்கரை, தூத்துக்குடிப் பக்கம் தண்டல் என்று பெயர். கப்பலில் சரக்கு இருக்கிறது, பாய் இருக்கிறது, கயிறு இருக்கிறது. தண்டல் என்றே வைத்தோம்.

மரியாதையும் ஒரு கேள்வி ஆயிற்று. எபிரேயத்தில் அவன், அவர் என்ற வேறுபாடு கிடையாது. தமிழில் வினைமுற்று வரும்போதே ஏதாவது ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ஓடிப்போகிற மனிதரை ‘ஓடினார்’ என்று சொல்வது ஒட்டவில்லை என்றார் ஆசிரியை. பழைய பெயர்ப்பில் ‘ஓடினான்’ வகைதான். ஆனால் பக்கத்துத் தெருவில் இவர் யூனுஸ் நபி. அவர்களும் கேட்பார்கள், ஒரே படகில் கேட்பார்கள். எபிரேயம் எதையும் வற்புறுத்தாத இடத்தில் அக்கம்பக்கத்தாரை நினைத்து முடிவெடுப்பது சரி என்று எனக்குப் பட்டது. ‘ஓடினார்’ என்றே வைத்தோம்.

இரண்டாம் அதிகாரமும் பாசியும்

மீன் வயிற்றில் யோனா சொல்லும் செபம் கவிதை. ஒரே கருத்தை இரண்டு வரியில் இரண்டு விதமாகச் சொல்வது எபிரேயக் கவிதையின் நடை. முதல் வரைவில், ஒன்றே போதும் என்று ஆசிரியை சில வரிகளைச் சேர்த்துச் சுருக்கியிருந்தார். வாசித்துக் காட்டியபோது கேட்டவர்களுக்கு அது பத்தவில்லை. கரைவலை இழுக்கும் அம்பாப் பாட்டிலும் ஒப்பாரியிலும் அடி மடங்கி வருவது பழக்கம். வரிகளைப் பிரித்து மறுபடி போட்டோம்.

மீனைப் பற்றிப் பெரிய சிக்கல் வரவில்லை. சிறுவர்கள் எல்லாரும் திமிங்கலம் என்றார்கள். எபிரேயத்தில் பெரிய மீன் என்று மட்டுமே இருக்கிறது, இனம் சொல்லப்படவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

பாசிதான் நின்றது. ‘கடற்பாசி என் தலையைச் சுற்றிக்கொண்டது’ என்று எல்லாருக்கும் தெரிந்த வரி. மன்னார் வளைகுடாப் பக்கம் பிறந்து இந்த ஊருக்கு வாழ வந்த சில பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிறு வயதில் தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பாசி எடுத்தவர்கள். அவர்களில் ஒரு அக்கா கேட்டார்: “எந்தப் பாசி சாமி? மரிக்கொழுந்துன்னா பாறையோட ஒட்டிக் கட்டையா இருக்கும், தலையில சுத்தாது. கட்டக்கோரைதான் நீளமா வந்து கழுத்துல மாட்டும். மாட்டுச்சுன்னா பயமாயிரும்.” எபிரேயச் சொல் நாணல், கோரை போன்ற நீண்ட புல்லையும் குறிக்கும், செங்கடல் என்று நாம் சொல்கிற கடலின் எபிரேயப் பெயரிலும் இதே சொல்தான் இருக்கிறது. கோரை என்ற பொருள் அங்கேயும் இங்கேயும் தற்செயலாக ஒத்துப்போனது. ‘கோரைப்பாசி என் தலையைச் சுற்றி இறுக்கியது’ என்று ஆயிற்று. அந்த அக்கா தலையில் கையைச் சுற்றிக் காட்டியதைப் பார்த்த பிறகுதான் ‘இறுக்கியது’ என்ற சொல்லைச் சேர்த்தோம். எபிரேய வினைக்கும் கட்டுவது, சுற்றிக் கட்டுவது என்றே பொருள்.

காற்று: முட்டிக்கொண்ட இடம்

நான்காம் அதிகாரத்தில் யோனா ஊருக்கு வெளியே பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். நிழல் கொடுத்த செடி பட்டுப்போகிறது. சூரியன் ஏறியதும் கடவுள் கீழ்க்காற்றை அனுப்புகிறார். யோனா சோர்ந்து, செத்துப்போனால் நல்லது என்கிறார்.

நாட்டுப்படகுக்காரர் இதை ஏற்கவே இல்லை. “கீழ்க்காத்துன்னா கொண்டல். கொண்டல் அடிச்சா உடம்பு குளுந்துல போகும்? அதுல யாராச்சும் சாகணும்னு கேப்பானா? மேல்காத்துன்னு எழுதுங்க.” அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தமிழில் பழங்காலம் தொட்டே கொண்டல் கிழக்கிலிருந்து வரும் காற்று, மழை கொண்டுவரும் காற்று. சுடுகிற மேல்காற்றுக்குக் கோடை என்று பெயர். நாங்கள் பேசிக்கொண்டிருந்த மே மாதப் பகலில் வெளியே அதுதான் அடித்துக்கொண்டிருந்தது. சீமைக்கருவேலங்காட்டைத் தாண்டி, கண்மாய்ப் புழுதியை வாரிக்கொண்டு, உதட்டை வெடிக்கவைக்கும் காற்று.

சாமி தரையில் ஒரு கோடு போட்டுக் காட்டினார். இஸ்ரயேல் நாட்டுக்குக் கடல் மேற்கே, பாலைநிலம் கிழக்கே. அங்கே கீழ்க்காற்று பாலையிலிருந்து வரும். வெக்கையும் தூசியுமாக வந்து பயிரைக் கருக்கும். தொண்டிக் கரையில் எல்லாம் திரும்பியிருக்கிறது. கடல் கிழக்கே, வறண்ட தரை மேற்கே. திசையைச் சரியாகப் பெயர்த்தால் காற்று தவறாகிறது. காற்றைச் சரியாகப் பெயர்த்தால் திசை தவறாகிறது.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததல்ல என்பதையும் சாமி எடுத்துக்காட்டினார். எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்த பழைய யூத அறிஞர்கள், விடுதலைப் பயணம் என்ற நூலில் வெட்டுக்கிளியைக் கொண்டுவந்த கீழ்க்காற்றைத் தென்காற்று என்று எழுதினார்கள். எகிப்தில் சுடுகாற்று தெற்கிலிருந்து வருவது. யோனா நூலில் அவர்களே திசையை விட்டுவிட்டு, எரிக்கும் வெப்பக் காற்று என்று போட்டார்கள். அதோடு, அந்தக் காற்றுக்கு மூலத்தில் வரும் அடைமொழி எபிரேய வேதம் முழுவதிலும் இந்த ஒரே இடத்தில்தான் இருக்கிறது. சுடுவது, புழுங்குவது என்று அதற்குப் பல விதமாகப் பொருள் சொல்கிறார்கள்.

மூன்று வழி இருந்தது. மேல்காற்று என்று மாற்றலாம். கேட்பவருக்கு உடனே உறைக்கும். திசையை விட்டுவிட்டு வெக்கைக் காற்று என்று சொல்லலாம். கிரேக்கப் பெயர்ப்பு போன வழி. அல்லது கிழக்கை வைத்துக்கொண்டு, அந்தக் காற்று எந்தத் தரையைக் கடந்து வருகிறது என்பதை வாக்கியத்துக்குள்ளேயே சொல்லலாம்.

முதல் வழியை நான் கடுமையாக எதிர்த்தேன். யோனா உட்கார்ந்திருப்பது நினிவேக்கு வெளியே, இன்றைய ஈராக்கின் மொசூல் பக்கம். அந்த இடத்தை எடுத்து உச்சிப்புளிக்குப் பக்கத்தில் வைக்க நமக்கு உரிமை இல்லை. வேதத்தில் வேறு இடங்களிலும் கீழ்க்காற்று வருகிறது. மோசே கடலைப் பிளந்தபோது இரவெல்லாம் அடித்ததும் கீழ்க்காற்றுதான். இங்கே மேல்காற்று ஆக்கினால் அந்த நூல் அறுந்துபோகும். இரண்டாம் வழி தவறில்லை, ஆனால் தெரிந்த திசையை ஏன் மறைக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. மூன்றாவது வழியையே எடுத்தோம். வரி இப்படி வந்தது: ‘பொழுது ஏறியதும் கடவுள் கீழ்க்காற்றை ஏவினார், பாலைவனத்து வெக்கையை வாரிக்கொண்டு வந்தது அது.’ கொண்டல் என்ற சொல்லைத் தொடவே இல்லை. அந்தச் சொல்லுக்குள் மழை இருக்கிறது. நாட்டுப்படகுக்காரர் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். “சரி, அவுக ஊர்ல தரை அந்தப் பக்கம் இருக்கு. விளங்குது” என்றார்.

செடி

யோனாவுக்கு நிழல் கொடுத்த செடியின் எபிரேயப் பெயர் கீகாயோன். பழைய தமிழ்ப் பெயர்ப்பில் ஆமணக்கு. கிரேக்கத்தில் சுரை. குர்ஆனிலும் யூனுஸ் நபிக்குச் சுரை இனக் கொடிதான் நிழலாகிறது. வேதத்தை இலத்தீனில் பெயர்த்த ஜெரோம் என்ற அறிஞர் ஐவிக்கொடிக்குரிய சொல்லைப் போட்டார். லிபியாவில் இன்றைய திரிப்போலி இருக்கும் இடத்தில் அப்போதிருந்த ஓயா நகரத்தில் அதைக் கேட்ட சபை, பழகிய சொல் மாறிவிட்டது என்று கொதித்துப்போனது. மக்களை இழக்காமல் இருக்க அந்த ஊர் ஆயர் படாத பாடு பட்டதை 403இல் இன்னொரு ஆயரான அகுஸ்தீன் ஜெரோமுக்குக் கடிதமாக எழுதியிருக்கிறார்.

அகன்ற இலை, வேகமான வளர்ச்சி இரண்டுக்கும் ஆமணக்கு பொருந்தும். கரையில் கொட்டமுத்துச் செடி என்றால் எல்லாருக்கும் தெரியும், ஆமணக்கு என்றாலும் தெரியும். திருச்சபைக் குடும்பங்களின் மனப்பாடத்தில் இருப்பது ஆமணக்கு, அதையே விட்டுவிட்டோம். ஓயாவை நினைத்தும்தான்.

விட்டுக்கொடுத்தவை

ராஆ என்ற எபிரேயச் சொல் இந்த நூல் முழுக்க ஓடுகிறது. நினிவேயின் தீச்செயலும் ராஆ, கடலில் வந்த ஆபத்தும் ராஆ, கடவுள் அனுப்ப இருந்த அழிவும் ராஆ. கடவுள் மனம் மாறியதும் யோனாவுக்கு ஏற்பட்ட எரிச்சலும் ராஆ. நகரத்தை விட்டுப் போன தீமை தீர்க்கதரிசியின் மனதில் வந்து உட்காருகிறது என்று மூலம் ஒரே சொல்லால் காட்டிவிடுகிறது. கேடு என்ற சொல்லை முதல் மூன்று இடத்திலும் வைக்க முடிந்தது. நான்காவதில் வைத்துப் பார்த்தோம், வாசிக்கும்போதே நாக்கு தடுக்கியது. ‘யோனாவுக்கு இது பொறுக்கவில்லை, மூக்குக்கு மேல் கோபம் வந்தது’ என்று போனோம். இதில் ஒரு ஆறுதல் உண்டு. எபிரேயத்தில் மூக்குக்கும் கோபத்துக்கும் ஒரே சொல். அடுத்த வசனத்தில் பொறுமையுள்ள கடவுளை நீண்ட மூக்குடையவர் என்ற வழக்கால்தான் குறிக்கிறார்கள். ஆனாலும் ராஆவின் தொடர் அந்த இடத்தில் அறுந்தது உண்மை.

நினிவேயில் யோனா சொல்வது எபிரேயத்தில் ஐந்தே சொல். அதன் கடைசிச் சொல் கவிழ்ந்து அழிவதையும் குறிக்கும், ஒன்று இன்னொன்றாக மாறுவதையும் குறிக்கும். நகரம் அழியவில்லை, மாறியது. பழைய பெயர்ப்பின் ‘கவிழ்க்கப்பட்டுப்போம்’ இங்கே காதில் விழுந்தால் படகு கவிழ்வது மட்டுமே ஞாபகம் வரும். போனவர் திரும்பாத கவிழ்தல் அது. ‘இன்னும் நாற்பது நாளில் நினிவே தலைகீழாகும்’ என்றோம். இரண்டு பொருளும் நிற்கிறது. பழைய சொல்லின் இடி இதில் இல்லை.

கேட்ட பிறகு

ஆசிரியை வாசிக்க, ஒலிப்பதிவு தடைக்காலம் முடிவதற்குள் தயாரானது. வலை பின்னும் கொட்டகையில் முதலில் போட்டுக் காட்டினோம். ‘உடையப் பார்த்தது’ என்ற இடத்தில் ஒருவர் அதையே திருப்பிச் சொன்னார். கேள்வி கேட்காமலேயே இன்னொருவர், “காத்தையும் எறியிறாரு, ஆளையும் எறியிறாங்க” என்றார். எழுத்தில் பலமுறை படித்தவர்களில் யாரும் அதுவரை அதைச் சொன்னதில்லை.

எதிர்ப்பும் வந்தது. திருச்சபைக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர், வேத வசனம் பேச்சு மாதிரி இருந்தால் அது வேதமாகத் தோன்றவில்லை என்று வருத்தப்பட்டார். அவருடைய வருத்தத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய தமிழின் அந்த நடையோடுதான் அவருடைய செபமே இருக்கிறது. பதிவின் தொடக்கத்தில், இது வாசகத்துக்குப் பதில் அல்ல, கேட்டுப் புரிந்துகொள்ள மட்டும் என்று உபதேசியார் குரலில் ஒரு வரி சேர்த்தோம். அந்தப் பெரியவர் அதன்பின் பதிவைக் கேட்கிறார், ஆனால் செபத்துக்குப் பழைய வேதத்தையே எடுக்கிறார்.

தண்டல் என்ற சொல் இளைஞர்களுக்குப் புரியவில்லை. கதையின் போக்கில் விளங்கிவிடுகிறது என்று இருவர் சொன்னாலும், ‘கப்பலை நடத்திய தண்டல்’ என்று ஒரு அடை சேர்த்துத் திரும்பப் பதிவு செய்தோம். முஸ்லிம் தெருவில் சிலர் போனில் வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் சொன்ன ஒரே குறை, சுரைக்கொடி ஆமணக்கானது.

அடுத்த முறை மாற்றுவது

பாசி எடுத்த பெண்கள் தற்செயலாகத்தான் திண்ணையில் இருந்தார்கள். அடுத்த வரைவில் அவர்கள் முதல் நாளிலிருந்தே குழுவில் இருப்பார்கள். மூலத்தில் திரும்பத் திரும்ப வரும் சொற்களின் பட்டியலை வரைவு எழுதும் முன்பே சாமி தயாரிப்பார். பாதி வழியில் கண்டுபிடித்துத் திரும்பிப்போய்த் திருத்துவது நேரத்தைத் தின்கிறது. திசை, காற்று, பருவம் வரும் இடங்களில் மூல நாட்டின் கடலும் தரையும் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே தரையில் கோடு போட்டுக் காட்டிவிடுவோம்.

அடுத்ததாக எடுத்திருப்பது 107ஆம் சங்கீதத்தில் கப்பலேறிக் கடலில் தொழில் செய்கிறவர்களைப் பற்றிய பகுதி. அலை வானத்துக்கு ஏறி ஆழத்துக்கு இறங்கும்போது அவர்கள் குடித்தவனைப் போலத் தள்ளாடுகிறார்கள். அவர்களுடைய திறமையெல்லாம் விழுங்கப்பட்டுப் போகிறது என்கிறது எபிரேயம். பாய்மரத் தோணியில் போன ஒரு பெரியவர் கீழக்கரையில் இருக்கிறார். அவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.